முன்னேறியும் முன்னேறாதவர்

ஹமீதாவுக்கு வலது கையும் காலும் விழுந்த அன்று நாட்டில் அரசாங்கம் இல்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு மே மாதக் கடைசி. தலைநகர் சுவாவில் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்தவர்கள் பிரதமரையும் மந்திரிகளையும் உள்ளேயே அடைத்துவைத்துப் பத்து நாளுக்கு மேலாகியிருந்தது. ராணுவம் முந்தின நாள்தான் அரசியல் சட்டத்தைத் தூக்கி ஓரமாக வைத்திருந்தது. வடக்குத் தீவின் லம்பாசா ஊரில், நசியாத் தெரு ஒன்றில், தன் தையல் அறையில் உட்கார்ந்து ஹமீதா பள்ளிக்கூடச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தது. என்றைக்காவது திறந்துதானே ஆகவேண்டும் என்று தைத்தாள். அவளுக்கு ஐம்பத்தோரு வயது. சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை.

துணி நகரவில்லை. மிஷினில் ஏதோ மாட்டிக்கொண்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தாள். நகராதது துணியல்ல, கை. புருஷனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். வாயும் ஒரு பக்கமாகத்தான் திறந்தது.

நிசாம் டாக்சி ஓட்டுகிறவர். மனைவியைப் பின்சீட்டில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். பாலத்தில் ராணுவத்தான் வண்டியை நிறுத்தி எல்லோருடைய பேரையும் கேட்டான். ஹமீதா பதில் சொல்லவில்லை. "ஏன் பேசமாட்டேங்கிறாங்க?" என்று சந்தேகப்பட்டான். "அதைத் தெரிஞ்சுக்கத்தான் போறோம்" என்றார் நிசாம். அவன் யோசித்துப் பார்த்து வழிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். பேச்சு முதலில் திரும்பியது, நாக்கு கொஞ்சம் தடித்த மாதிரி. கால் பாதி வந்தது. கை வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வடக்கு வட்டார மறுவாழ்வு வாரியத்தில் வாரம் மூன்று நாள் பயிற்சி.

வாரியம் ஆற்றோரத்தில், நீளமான தகரக்கூரைக் கட்டடத்தில் இருந்தது. ஒரு பாதி பயிற்சி அறை, மறு பாதி அலுவலகம். பயிற்சி அறையில் சுமித்ரா என்று ஒரே ஒரு பிசியோ. அலுவலகத்தில் தலைவர், துணைத்தலைவர், செயலாளர், இரண்டு உறுப்பினர்கள் என்று ஐந்து பேர், இவர்கள் பேசுவதை எழுதிக்கொள்ள சரோஜ் என்ற குமாஸ்தா. ஒரு பிசியோவை மேற்பார்வை பார்க்க ஐந்து பேர் போதாது, இன்னும் இருவர் வேண்டும் என்று வாரியம் சுவாவுக்கு எழுதியிருந்தது.

சுமித்ராவுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். அறையின் நடுவில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு இரும்புக் கம்பிகள் நீளமாகப் போயின. அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் விழுந்தவர்கள் நடக்கப் பழகவேண்டும். சுமித்ரா கம்பிகளுக்கு நடுவில் ஹமீதாவை நிறுத்தி, தான் பின்னாலேயே நகர்ந்து, "வாங்க ஆன்ட்டி, என் முகத்தைப் பாருங்க, காலைப் பாக்காதீங்க" என்று கூப்பிட்டாள். ஹமீதா வந்தாள். முதல் வாரம் இரண்டு அடி. ஒரு மாதத்தில் ஆறு அடி.

அவள் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. மகள் ஜஸ்மீன் தொடக்கப் பள்ளி ஆசிரியை. நியூசிலாந்தில் குடியேற விண்ணப்பம் போட்டிருந்தாள். ஜூலையில் அனுமதி வந்துவிட்டது. பிப்ரவரி முடிவதற்குள் அங்கே போய் இறங்கவேண்டும், இல்லாவிட்டால் அனுமதி செல்லாது. இந்திய வம்சத்துக்காரர்கள் அடிதடிக்குப் பயந்து நாட்டைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த சமயம். அந்தத் தெருவில் வாரத்துக்கு ஒரு வீட்டில் சாமான்களை வாசலில் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். காலையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் சாயங்காலம் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போனார்கள். ஜஸ்மீன் மட்டும் பெட்டியில் துணியை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

ஹமீதாவும் நிசாமும் வீட்டில் தமிழ் பேசுவார்கள். மகளுக்குப் புரியும், பதில் இந்தியில்தான் வரும்.

"நான் போகல மா" என்றாள் ஒருநாள்.

"ஏன்?"

"அப்பா விடியறதுக்கு முன்னாடி வண்டி எடுத்துட்டுப் போயிடுவாரு. உன்னை பாத்ரூமுக்கு யாரு கூட்டிட்டுப் போவா?"

"நானே போவேன்."

"போய்க் காட்டு. அப்ப நான் போறேன்."

படுக்கையிலிருந்து பாத்ரூமுக்குப் பதினோரு அடி. ஹமீதாவுக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பில்லை. சோறு பாதியில் இருக்கும்போதே எழுந்து நிற்கப் பார்ப்பாள். நின்றால் உட்காரமாட்டாள். உட்கார்ந்தால் இடது கை சும்மா இருக்காது. கிடக்கிற வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி நிமிர்த்தி விடும்.

ஆகஸ்டில் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. பயிற்சி தொடரவேண்டுமா என்று வாரியம் நேரில் பரிசீலிக்கும், ஆஜராகவும்.

ஆஜரானாள். நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் யங்கோனா என்கிற மயக்கம் தரும் வேர்ப்பொடியைக் கரைத்த மரக்குண்டான். வாரியத்தின் எல்லாக் கூட்டமும் யங்கோனாவில்தான் தொடங்கும்; கொட்டாங்கச்சியில் மொண்டு ஆளுக்கு ஒரு மடக்குக் குடித்துக் கைதட்டிய பிறகு அங்கத்தினர்கள் முகத்தில் ஒரு சாந்தம் வந்துவிடும். தலைவர் பல்ராம் பெரிய மீசைக்காரர். எல்லா வார்த்தையையும் இஸ்திரி போட்டு வைப்பதுபோல் பேசுவார்.

"நடங்கள்" என்றார்.

ஹமீதா நடந்தாள். ஐந்து பெரிய மனிதர்கள் பார்க்கிறார்கள், சுமித்ராவுக்குப் பேர் வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஊன்றுகோலோடு பத்து அடி நடந்தாள். வலது கையால் கோப்பையைத் தூக்கச் சொன்னார்கள். இடது கையை அடியில் கொடுத்து ஒருமாதிரி தூக்கிவிட்டாள். வேர்த்துக் கொட்டியது. வாரியம் கைதட்டியது.

"திருமதி ஹமீதா, வாழ்த்துகள்" என்றார் பல்ராம். "நீங்கள் பத்து அடி நடந்தீர்கள். இந்த வாரியம் நடக்க முடியாதவர்களுக்காக ஏற்பட்டது. நடக்கிறவருக்கு நடைப்பயிற்சி கொடுத்தோமென்றால் நடக்க முடியாதவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்? உங்கள் பயிற்சி இன்றோடு நிறைவடைகிறது."

ஹமீதாவுக்குப் புரியவில்லை. ஏதோ பரிசு கொடுக்கிறார்கள் போல என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வெளியே சுமித்ரா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

மேல்முறையீடு எழுதிப் போட்டார்கள். அடுத்த கூட்டம் ஐந்து வாரம் கழித்து. அதற்குள் பயிற்சியில்லாத கால் மறந்துபோனது. முழங்கால் இறுகிக்கொண்டது. இரண்டாவது தடவை வாரியத்தின் முன்னால் அவள் நான்கு அடிதான் நடந்தாள். ஐந்தாவதில் நிசாம் பிடித்துக்கொண்டார்.

பல்ராம் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பத்து. நான்கு. வாரியத்தின் பயிற்சியைப் பெற்ற பிறகு ஆறு அடி குறைந்திருக்கிறது."

"நீங்க பயிற்சியை நிறுத்தினதாலதான் குறைஞ்சுது" என்றார் நிசாம்.

"அம்மா ஐந்து வாரத்தில் மறந்துவிடும்படியான பயிற்சி இருந்தென்ன, நின்றென்ன? பலன் தராததை ஒருவர் மேல் திணிப்பது கொடுமை. இந்த வாரியத்தைப் பற்றி ஆயிரம் சொல்லலாம். கொடுமை செய்தது என்று ஒருவரும் சொல்ல முடியாது. நாங்கள் பயிற்சியை நிறுத்துகிறோம்."

"ஏற்கெனவே நிறுத்திட்டீங்களே."

"அது தேவையில்லை என்பதால். இது பயனில்லை என்பதால். இரண்டும் வேறு பிரிவு."

அன்று சுமித்ரா ஹமீதாவை வராந்தாவில் உட்காரவைத்து விதிப்புத்தகத்தைக் காட்டினாள். நன்றாக ஆனவருக்குத் தேவையில்லை, நிறுத்து. நன்றாக ஆகாதவருக்குப் பயனில்லை, நிறுத்து. அதற்குக் கீழே ஒரே ஒரு வழி இருந்தது: முன்னேறிக்கொண்டிருந்தும் முன்னேறாதவர்களுக்குத் தொடரலாம்.

"அப்படின்னா?"

"ஏழு அடி ஆன்ட்டி" என்றாள் சுமித்ரா மெதுவாக. "ஆறு நடந்தா பயனில்லைன்னுடுவாங்க. எட்டு நடந்தா தேவையில்லைன்னுடுவாங்க. ஏழுல நின்னுடுங்க. கோப்பையைப் பாதி தூக்கிட்டுக் கொஞ்சம் தண்ணி சிந்துங்க."

முப்பது வருஷம் தையல் கோணாமல் தைத்தவள், அளவெடுத்துத் தோற்கப் பழகினாள். கம்பிக்குள் விடமாட்டார்கள் என்பதால் வீட்டில் சுவரோரமாக சுமித்ரா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நடத்தினாள். ஒன்று, இரண்டு என்று எண்ணி ஏழாவது அடியில் நிற்கவேண்டும். மூன்று வாரம். ஜஸ்மீன் கதவோரத்தில் நின்று பார்த்தாள்.

"ஏன் மா நிக்கற? இன்னும் போக முடியுது உன்னால."

"போகக் கூடாது" என்றாள் ஹமீதா.

மூன்றாவது கூட்டத்தில் சரியாக ஏழு அடி வைத்து நின்றாள். கோப்பை பாதி உயர்ந்தது. கொஞ்சம் தண்ணீர் செயலாளரின் காலணியில் சிந்தியது. வாரியத்துக்குப் பெரிய சந்தோஷம். இவ்வளவு பொருத்தமான நோயாளியைப் பார்த்ததில்லை என்று துணைத்தலைவர் சொன்னார். வாரம் மூன்று நாள் பயிற்சி, இரண்டு மாதத்துக்கு, ஏகமனதாக.

அதே வாரம் சுமித்ராவுக்கு பிரிஸ்பேனிலிருந்து விசா வந்தது.

அவள் அதை ஹமீதாவிடம் சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை. "என் தம்பியை ரெண்டு தடவை ரோட்டுல வச்சு அடிச்சுட்டாங்க ஆன்ட்டி" என்றாள். ஹமீதா தன் இடது கையை அவள் கன்னத்தில் வைத்தாள். "போ. நல்லா இரு" என்றாள். வேறென்ன சொல்வது? அவள் வீட்டிலேயே ஒரு பெட்டி பாதி அடுக்கிக் கிடந்தது.

வழியனுப்பு விழாவை வாரியம் பிரமாதமாக நடத்தியது. நோயாளிகள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பல்ராம் முக்கால் மணி நேரம் பேசினார்.

"நாட்டை விட்டு எல்லோரும் போகிறார்கள் என்று சிலர் வதந்தி பரப்புகிறார்கள். யார் போகிறார்கள்? நான் இருக்கிறேன். துணைத்தலைவர் இருக்கிறார். வாரியத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. சிகிச்சை தருபவர் இன்று முதல் இல்லை என்பது உண்மையே. ஆனால் நண்பர்களே, சிகிச்சைக்கான அனுமதியை வழங்குவதில் இந்த வாரியம் ஒருநாளாவது தவறியதுண்டா? ஆட்கள் வருவார்கள், போவார்கள். அனுமதி நிலைத்து நிற்கும்."

கைதட்டினார்கள். ஹமீதாவுக்கு ஒரு கைதான், தட்ட முடியவில்லை. அதற்கு அவள் வருத்தப்படவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் போகாமல் இருந்துவிட்டாள். சொல்லித்தர ஆளில்லாத இடத்துக்கு எதற்குப் போகவேண்டும்? மறுநாளே சரோஜ் வீடு தேடி வந்தாள். வெயிலில் நடந்து வந்து மூச்சு வாங்கினாள்.

"மூணு நாள் வராம இருந்தா அனுமதி ரத்தாயிடும் மௌசி. புது பிசியோ வர்றப்ப உங்க பேரு இருக்காது. வந்து உக்காந்துட்டாவது போங்க."

ஆகவே ஹமீதா போய் உட்கார்ந்தாள். சுமித்ராவின் நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு எதிரே அரை மணி நேரம் உட்காரவேண்டும். பிறகு சரோஜ் பதிவேட்டை நீட்டுவாள். 'சிகிச்சை பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்த வரிக்குப் பக்கத்தில் இடது கட்டைவிரலை வைக்கவேண்டும். கம்பிகள் பக்கத்திலேயே இருந்தன. நானே நடந்துகொள்கிறேனே என்றாள் ஹமீதா. பிசியோ பார்வையில் இல்லாமல் கம்பியைத் தொடக்கூடாது என்று விதி.

அங்கேதான் சிவனைப் பார்த்தாள். அறுபதைத் தாண்டிய கரும்பு விவசாயி. குத்தகை முடிந்து நிலத்தைத் திருப்பிக் கொடுத்த மாதம் அவருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. சீட்டோடு வந்தபோது சுமித்ரா போய்விட்டிருந்தாள். காலி நாற்காலியின் முன்னால்தான் அவருடைய சிகிச்சை தொடங்கியது. தமிழ் பேசுகிற ஆள் கிடைத்ததில் அவருக்கு ஒரு ஆறுதல்.

"தங்கச்சி, இந்த நாற்காலி நமக்கு என்ன சொல்லித்தருது?" என்று கேட்டார் இரண்டாம் நாள்.

"உக்காரச் சொல்லித்தருது அண்ணே."

"அது எனக்கு முன்னாடியே வரும்."

மற்ற நோயாளிகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். இவர்கள் இரண்டு பேரும் ஒருநாள் தவறவில்லை. சிவனுக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை, வீடே மச்சானுடையது. ஹமீதாவுக்குப் பயம். வீட்டில் அவள் கால் ஏழாவது அடியில் நின்றுகொண்டிருந்தது. போகலாம் என்று மனசு சொல்லும். கால் நிற்கும். மூன்று வாரம் அதற்குக் கற்றுக்கொடுத்ததை அது நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டது. இதை அவள் நிசாமிடம்கூடச் சொல்லவில்லை. ஜஸ்மீன் எண்ணிக்கொண்டிருந்தாள், வெளியே காட்டாமல்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. அலுவலகப் பக்கம் கூரை ஒழுகியது. வாரியம் மேசையையும் மரக்குண்டானையும் தூக்கிக்கொண்டு பயிற்சி அறைக்குக் குடிவந்தது. கம்பிகளின் மேல் அங்கத்தினர்களின் மழைக்கோட்டுகளும் குடைகளும் வரிசையாகத் தொங்கின. சுமித்ராவின் நாற்காலியில் துணைத்தலைவர் உட்கார்ந்தார். ஹமீதாவும் சிவனும் வராந்தாவில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக அவரைப் பார்த்து, கட்டைவிரல் வைத்துவிட்டு வந்தார்கள்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மேசைக்குப் பின்னால் ஆள் குறைவது தெரிந்தது. முதலில் ஒரு உறுப்பினர், சிட்னிக்கு. பிறகு இன்னொருவர். செயலாளர் ஏதோ கல்யாணத்துக்கு என்று வான்கூவர் போனார். அந்தக் கல்யாணம் முடியவேயில்லை. துணைத்தலைவர் சொல்லிக்கொள்ளாமல் போனார். அவருடைய குடை மட்டும் கம்பியில் தொங்கியது. டிசம்பர் முதல் வாரத்தில் அந்த நீளமான மேசையில் பல்ராம் தனியாக உட்கார்ந்து யங்கோனா குடித்துத் தானே கைதட்டிக்கொண்டார்.

மூன்று பேர் இல்லாமல் வாரியம் கூடினால் செல்லாது. ஹமீதாவின் இரண்டு மாத அனுமதி முடியப்போகிறது. நீட்டிக்க வாரியம் இல்லை. பல்ராமுக்கும் ஒரு அவசரம் இருந்தது. அதை சரோஜ்தான் வராந்தாவில் வந்து சொன்னாள், சிரிக்காமல்.

"தலைவருக்கு சிட்னி விசா வந்துடுச்சு. பதினாறாம் தேதி விமானம். பொறுப்பிலேருந்து விடுவிச்சுட்டதா வாரியம் தீர்மானம் போட்டாத்தான் அவரு போக முடியும். வாரியம் கூடணும்னா இன்னும் ரெண்டு பேரு வேணும்."

"யாரு இருக்கா?" என்றார் சிவன்.

"காலியிடம் வந்தா, வாரிய நடவடிக்கைகளில் தவறாமல் கலந்துகொள்ளும் வட்டாரப் பிரஜைகளைத் தலைவர் நியமிக்கலாம்னு விதி. பதிவேட்டைப் பாத்தேன். ரெண்டு மாசமா தவறாம வந்தவங்க ரெண்டே பேரு."

சிவன் திரும்பி ஹமீதாவைப் பார்த்தார். ஹமீதா ஜன்னல் வழியாக மழைக்கோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் இருவரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். பல்ராமே மொண்டு கொடுத்தார். சிவன் குடித்துவிட்டு ஒரு கையால் தொடையில் தட்டினார்.

"மரியாதைக்குரிய அங்கத்தினர்களே" என்று தொடங்கினார் தலைவர். "மக்களை வாரியத்துக்குள் கொண்டுவரவேண்டும் என்பது என்னுடைய நீண்டநாள் கனவு. அது இன்று நிறைவேறுகிறது. நேரம் குறைவு. முதல் பொருள், தலைவரை விடுவித்தல். ஆட்சேபணை இல்லையென்றால்..."

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள் ஹமீதா. தடித்த நாக்கால் மெதுவாகத்தான் பேச முடியும். "என் அனுமதி நாளைக்கு முடியுது. அதை யாரு பாப்பா?"

பல்ராம் தொண்டையைச் செருமினார். "அதில் ஒரு சிறு சிக்கல். நோயாளி அங்கத்தினராகலாம். ஆனால் அங்கத்தினர் சிகிச்சை பெற முடியாது. தனக்குத் தானே சலுகை கொடுத்துக்கொண்டதாக ஆகிவிடும். நாளை ஒருவர் விரல் நீட்டிக் கேட்டால் வாரியத்தின் நேர்மை என்னாவது?"

"விரல் நீட்டத்தான் வந்தேன் நான்" என்றாள் ஹமீதா. "அது நீளமாட்டேங்குது."

பிறகு சிவன் பக்கம் திரும்பித் தமிழில் பேசினாள். சிவனும் பேசினார். பல்ராம் இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு தலைமுறைக்கு முன்னால் அவர் குடும்பத்திலும் யாரோ பேசின பாஷையாக இருக்கலாம். அவருக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

"அங்கத்தினர்கள் எனக்குப் புரியாத மொழியில் கலந்துபேசலாமா?" என்று சரோஜிடம் கேட்டார்.

சரோஜ் விதிப்புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள். "கூடாதுன்னு இல்லை சார்."

ஹமீதா சொல்லச் சொல்ல சரோஜ் எழுதினாள். முதல் தீர்மானம்: மேசையையும் மழைக்கோட்டுகளையும் இந்த அறையிலிருந்து உடனே அகற்றவேண்டும். இரண்டாவது: விழுந்தவர்கள் யாரும் எந்த நாளும் வந்து, படிவமில்லாமல், கம்பியைப் பயன்படுத்தலாம், சுமித்ராவிடம் பழகியவர் புதிதாக வருகிறவருக்குச் சொல்லித்தரலாம். வாரியம் மறுபடி கூடி மாற்றும்வரை இது செல்லும். மூன்றாவது: திரு பல்ராம் போகலாம்.

"மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்வோமே" என்றார் பல்ராம்.

"வரிசைப்படியே போகலாம் பாய்" என்றார் சிவன். "நாங்க எப்பவும் வரிசையிலதான் வந்தோம்."

பல்ராம் பேனாவை எடுத்தார், வைத்தார். அவர் வார்த்தைகளின் இஸ்திரி கலைந்தது. "நான் போன பிறகு வாரியம் கூடவே முடியாதே. இந்தத் தீர்மானத்தை மாற்ற ஆளே இருக்காதே."

"இருக்காது" என்றாள் ஹமீதா.

ஹமீதாவுக்கு ஒன்று கேட்கவேண்டும் போலிருந்தது. "யாரும் போகலன்னு அன்னிக்கு அவ்வளவு நேரம் பேசினீங்களே, நீங்க ஏன் போறீங்க?"

வழக்கமாக அவர் எழுந்து நின்று பதில் சொல்வார். உட்கார்ந்தபடியே சொன்னார். "என் வீட்டுக்கு ஒருநாள் வந்தாங்க. கத்தியோட. சாமான் எதையும் எடுக்கல. உக்காந்து டீ கேட்டாங்க, குடிச்சாங்க, போயிட்டாங்க. அதுக்கப்புறம் என் சம்சாரம் கதவைத் திறக்கறதே இல்லை."

ஹமீதா தாளை அவர் பக்கம் தள்ளினாள். மூன்று தீர்மானத்திலும் அவர் வரிசைப்படி கையெழுத்துப் போட்டார். சிவன் வலது கையால் போட்டார். ஹமீதா கட்டைவிரல் வைத்தாள்.

மேசையை வராந்தாவுக்குத் தூக்கிப் போட நிசாம் இரண்டு டாக்சிக்காரர்களைக் கூட்டிவந்தார். துணைத்தலைவரின் குடையை என்ன செய்வது என்று சரோஜ் கேட்டாள். மழை பெய்கிறது, நீயே எடுத்துக்கொண்டு போ என்றாள் ஹமீதா.

அன்றே கம்பிகளுக்கு நடுவில் நின்றாள். ஏழு அடி வந்தாள். கால் நின்றுவிட்டது. மறுநாளும் அப்படியே. வேறு எவரிடமும் சொல்லாததை சிவனிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. "வண்டி மாடு பழைய வீட்டு வாசல்ல நிக்கற மாதிரி" என்றார். "எண்ணறதாலதான் அதுக்குத் தெரியுது. எண்ணாத. எங்கிட்டச் சண்டை போட்டுக்கிட்டே வா."

சண்டை போட்டாள். அரசாங்கத்தைப் பற்றி, அவர் மச்சானைப் பற்றி, கரும்பு விலையைப் பற்றி, வாய்க்கு வந்ததைப் பற்றி. பதிலுக்கு அவருக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தாள், சுமித்ரா கற்றுக்கொடுத்த மாதிரியே, முகத்தைப் பார் காலைப் பார்க்காதே என்று. செய்தி பரவி நின்றுபோனவர்கள் திரும்பி வந்தார்கள். ஜனவரியில் ஒன்பது பேர் ஆனார்கள். அந்த மாதம் மூன்றாவது வாரம், யாரோ சோப்பில் ஊறவைக்காமல் துணி துவைப்பதைப் பற்றிக் கோபமாகப் பேசிக்கொண்டே வந்தவள் கம்பிகள் முடிந்தது தெரியாமல் எதிர்ச் சுவரில் இடித்துக்கொண்டாள். எத்தனை அடி என்று யாரும் எண்ணவில்லை.

கை வரவில்லை. ஆள்காட்டி விரலும் அடுத்த விரலும் மடங்கின, அவ்வளவுதான். சீருடை கேட்டு வந்தவர்களை வேறு தையல்காரரிடம் அனுப்பினாள். மிஷினுக்கு மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். அன்று மத்தியானம் முழுக்க வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்தபடியே இருந்தாள், ஊன்றுகோல் தரையில் குத்துகிற சத்தம் தெருவுக்குக் கேட்டது. ஜஸ்மீன் வந்து தடுக்கப் பார்த்தாள்.

"விடு" என்றாள் ஹமீதா. "நடக்கத்தான் முடியுது. நடந்துட்டுப் போறேன்."

பாத்ரூம் வரை பதினோரு அடியை அவள் பிப்ரவரி முதல் தேதி தனியாகப் போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள். ஜஸ்மீன் வெளியே நின்றாள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு, போய்ப் பெட்டியை எடுத்தாள். இந்தத் தடவை வைத்த துணியைத் திரும்ப எடுக்கவில்லை.

மகளின் குடியேற்ற அனுமதி முடிய ஒருநாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை காலை விமானம். லம்பாசா ஏர்போர்ட் சின்னது. கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் ஏறுகிறவர்கள் முகம் தெரியும். மகள் கட்டிக்கொண்டபோது ஹமீதா ஒரு கையால் கட்டிக்கொண்டாள். "அங்க குளிரும். காதை மூடிக்க" என்று தமிழில் சொன்னாள். "சரிம்மா" என்றாள் ஜஸ்மீன், தமிழிலேயே. உட்கார் என்று நிசாம் பெஞ்சைக் காட்டினார். விமானம் மலைக்குப் பின்னால் போகும்வரை அவள் உட்காரவில்லை.

திரும்பி வரும்போது நசியா திருப்பத்தில் நிசாம் வேகத்தைக் குறைத்தார். "வீட்டுக்குப் போலாமா?"

"வீட்ல போய் என்ன பண்ண? ஆத்தங்கரைக்கு விடுங்க."

அன்று காலையில்தான் சுவாவிலிருந்து புதுத் தலைவர் வந்திருந்தார். புது அரசாங்கத்தின் நியமனக் கடிதம் ஒரு தோல்பையில் இருந்தது. வாரியம் என்று பலகை மாட்டிய அறைக்குள் நுழைந்தவர் அங்கே எட்டுப் பேர் நடப்பதையும் விழுவதையும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதையும் பார்த்துத் திகைத்துப்போயிருந்தார். ஹமீதா உள்ளே வரும்போது அவர் சிவனை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"வாரியம் எங்கே?"

"போயிடுச்சு."

"எங்கே?"

"பாதி சிட்னிக்கு. பாதி வான்கூவருக்கு."

"இதையெல்லாம் யார் அனுமதித்தது?"

சரோஜ் தீர்மானத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நின்றபடி இரண்டு தடவை படித்தார். கையெழுத்துகளைப் பார்த்தார், கட்டைவிரல் ரேகையைப் பார்த்தார். "இது முறையாகத்தான் இருக்கிறது" என்றார் கவலையோடு. "ஆனால் வாரியம் எங்கே உட்காரும்?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு கம்பிகளுக்கும் நடுவில், காலியாகத் தெரிந்த இடத்தில் போய் நின்றுகொண்டார்.

ஹமீதா மறுமுனையில் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு இடது கையால் கம்பியைப் பிடித்தாள். கண் இன்னும் காய்ந்திருக்கவில்லை. நடக்கத் தொடங்கி, வந்து, அவருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றாள். தோல்பை அவள் வயிற்றில் இடிக்கும்போல இருந்தது.

"நீங்கள் யார்?" என்றார் அவர். "அங்கத்தினரா, நோயாளியா?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் ஹமீதா. "நான் இன்னும் நாலு அடி போகணும்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கம்பிக்குக் கீழே குனிந்து, அந்தப் பக்கமாக வெளியே போனார். அவள் நடந்தாள்.